பாபநாசம் படித்துறையில் ஐந்து ஞாயிறு

பிப்ரவரி கடைசியில் ஆரம்பித்தேன். தாமிரபரணியைச் சுத்தம் செய்யும் குழு ஒன்று ஞாயிறுதோறும் பாபநாசத்தில் இறங்குகிறது. சின்ன வயதிலிருந்து குளித்த ஆறு, எனக்குத் தெரியாததா என்று நினைத்துத்தான் போனேன்.

கோயிலுக்கு எதிரே பார்க்கத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், பொரி போட்டால் மீன்கள் மொய்க்கும். பத்தடி தள்ளிக் காலை வைத்தால் மணல் மெத்தென்று அமுங்குகிறது. அது மணல் இல்லை, துணி. பரிகாரம் செய்து முழுக்குப் போடுகிறவர்கள் உடுத்தியிருந்ததை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தக் காலத்துப் பருத்தி வேட்டி என்றால் மக்கிப்போகும். இப்போது வருவதெல்லாம் பாலியஸ்டர். பாறையில் மாட்டி, மணல் ஏறி, அப்படியே கிடக்கிறது.

முதல் வாரம் பலத்தைக் காட்டி இழுத்தேன். பாதி கிழிந்து கையோடு வந்தது, மீதி உள்ளேயே நின்றுவிட்டது. இரண்டு மணி நேரத்தில் மூன்று சாக்கு. மறு வாரம் குழுவில் மூத்த அண்ணாச்சி ஒருவர் பக்கத்தில் வந்து, "இழுக்காதீங்க தம்பி, மொதல்ல மாட்டுன இடத்தப் பாருங்க" என்றார். துணி பாறையைப் பிடித்திருக்கும் மேல்பக்கத்தில் விரலால் மணலை விலக்கினால் போதும், ஓட்டம் உள்ளே புகுந்து மீதியைக் கழுவிவிடும். அப்புறம் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டிக்கொண்டே வரவேண்டும். அன்று ஒரு சேலை முழுசாக வந்தது, முந்தானை ஜரிகை உட்பட. கரையில் பிழிந்துவிட்டுத்தான் சாக்கில் போடவேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேராலும் குட்டியானையில் ஏற்ற முடியாது.

மூன்றாவது வாரம் எடுத்த ஒரு சட்டையின் கைக்குள் ஏதோ துள்ளியது. உதறிப் பார்த்தால் விரல் நீளத்துக்கு மீன் குஞ்சு. கை முனையில் பட்டன் போட்டிருந்ததால் உள்ளே போனது திரும்ப வழியில்லாமல் கிடந்திருக்கிறது. தண்ணீரில் விட்டதும் ஒரு நொடி அப்படியே நின்றது, பிறகு போய்விட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு துணியையும் ஆற்றுக்குள்ளேயே உதறித்தான் எடுக்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று: மேலே அணையில் தண்ணீர் திறந்தால் மட்டம் சட்டென ஏறும். எப்போதும் ஒருவர் கரையில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது ஞாயிறு சலிப்பாகிவிட்டது. போன வாரம் காலி செய்த அதே இடத்தில் மறுபடி புதுத் துணி. எடுக்கிற கையைவிடப் போடுகிற கை அதிகம். அதனால் ஐந்தாவது வாரம் நான் ஆற்றில் இறங்கவில்லை, பெரிய கூடையோடு படியில் நின்றேன். ஒரு ஆச்சி ஒத்துக்கொள்ளவே இல்லை. "ஆத்துல விட்டாத்தாம்யா பாவம் போவும்." நான் வாதாடவில்லை. திருநெல்வேலியும் தூத்துக்குடியும் இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன, என் பேத்தியும் இதைத்தான் குடிக்கிறாள் என்றேன். கொஞ்ச நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சேலையை ஒரு தடவை தண்ணீரில் முக்கி எடுத்து, கூடையில் போட்டார்.

ஒரு முக்கு, அப்புறம் கூடை! எங்களில் யாருக்கும் இது தோன்றவில்லை. அன்று மதியம் வரை எல்லோரிடமும் அப்படியே சொன்னோம், நிறையப் பேர் கேட்டார்கள். கூடை நான்கு முறை நிரம்பியது.

அடுத்து ஆடி அமாவாசை. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிற கூட்டமெல்லாம் இந்த வழியாகத்தான் வரும். பத்துக் கூடை கேட்டிருக்கிறேன். படிக்கு இரண்டு பேராவது நிற்கவேண்டும்.