பிஸ்ரலின் பூட்டை எப்போது திறப்பது

2024 யூன் 8, சனி

ரொறன்ரோவில் ஒரு கழகத்தில் சுடப் பழகிவரும் அக்காவின் மகன் இன்றிரவு அழைத்து, 1911 என்னும் மாதிரிப் பிஸ்ரலை உறையிலிருந்து உருவும்போது பாதுகாப்புப் பூட்டை எந்தக் கணத்தில் கீழே தட்டவேண்டும் என்று கேட்டான். பொலிஸில் ஆயுதப் பயிற்சி கொடுத்த காலத்தில் என்னை விடாமல் துரத்திய கேள்வி அது.

"பிடியைப் பற்றினவுடனேயே தட்டிவிட்டால் நேரம் மிச்சந்தானே, மாமா?" என்றான்.

உறைக்குள் இருக்கும்வரை குழல் வாய் உன் காலைத்தான் பார்க்கிறது என்றேன். அந்தத் துவக்கில், குண்டின் பின்புறத்தை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியல் ஏற்கெனவே பின்னிழுபட்டிருக்கும். பிடியின் பின்புறத்திலுள்ள இன்னொரு பூட்டோ கை இறுகப் பற்றியதுமே விலகிவிடும். ஆகவே அந்த வேளையில் எஞ்சியிருக்கும் காவல் கட்டைவிரலருகே உள்ள பூட்டும், விசைக்கு வெளியே நீட்டி வைத்த விரலுமே.

யூன் 9, ஞாயிறு

கொக்குவில் வீட்டில் துவக்கு எதுவுமில்லை. இலங்கையின் 1916ஆம் ஆண்டுச் சுடுகலச் சட்டப்படி அனுமதிப்பத்திரமின்றி வைத்திருக்கவும் முடியாது. பூவரசங் கட்டையொன்றைப் பிடித்தபடி வீடியோவில் காட்டினேன். துவக்கு உறையை முற்றாக விட்டு வெளியேறி, குழல் வாய் இலக்கின் பக்கம் திரும்பி, நெஞ்சுக்கு முன்னால் இடக்கை வந்து சேரும் இடமே பூட்டைத் தட்டுவதற்குரிய இடம். கையை நீட்டி முடித்த பின்னர் தட்டினால் கட்டைவிரலின் அசைவு குறியைக் குலைக்கும். பதற்றத்தில் தட்டவே மறந்து, விசையை இழுத்தும் வெடிக்காமல் திகைத்து நின்றவர்களைப் பயிற்சித் திடலில் கண்டிருக்கிறேன். பூட்டைத் திறப்பதால் விரலுக்கு அனுமதி கிடைத்துவிடாது. குறி இலக்கில் படிந்து, சுடுவதென்று முடிவெடுத்த பின்னரே அது விசைக்குப் போகவேண்டும்.

யூன் 15, சனி

இன்று அவனுடைய நண்பனின் பெரெற்றா 92 பிஸ்ரல் பற்றிக் கேட்டான். அதில் பூட்டின் நெம்பு ஸ்லைட்டில், அதாவது சுடும்போது பின்னும் முன்னும் நகரும் மேற்பாகத்தில், இருக்கிறது. சுடுவதற்கு அதை மேலே தள்ளவேண்டும், கட்டைவிரலுக்கு அது சிரமமான திசை. முதற் சூட்டுக்கு விசையை நீளமாகவும் பாரமாகவும் இழுக்கவேண்டியிருப்பதால், பூட்டைத் திறந்தபடியே உறையில் வைப்பவர்களும் உண்டு. அதில் நியாயமில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பழக்கத்தை 1911க்குக் கொண்டுபோகக்கூடாது. அவன் ஆட விரும்பும் ஐ.பி.எஸ்.சி. என்ற சர்வதேசத் துப்பாக்கிச் சுடும் அமைப்பின் போட்டியிலும், குண்டேற்றிச் சுத்தியல் பின்னிழுத்த அத்தகைய துவக்கைப் பூட்டாமல் உறையில் வைப்பவர் அங்கேயே தகுதியிழப்பார். உருவுவதைக் குண்டில்லாத வெறுந்துவக்கில் பழகும்போதே, விரலை வெளியே எடுத்து, 1911இன் பூட்டை மேலே தள்ளிப் பூட்டி, உறையைக் கண்ணால் பார்த்து மெதுவாகத் திருப்பி வைப்பதையும் சேர்த்துப் பழகச் சொன்னேன்.