ராபர்ட் நேலண்ட்

அமெரிக்கக் கால்பந்தில் எனக்கு ரொம்பப் பிடித்த மனிதர் இவர். வெஸ்ட் பாயிண்ட் என்ற அமெரிக்க ராணுவக் கல்லூரியில் படித்து 1916-ல் வெளியே வந்த ராணுவ எஞ்சினியர். டென்னசி பல்கலைக்கழகத்துக்கு 1925-ல் போனது மாணவர்களுக்கு ராணுவப் பயிற்சி கொடுக்கத்தான். அடுத்த வருடமே கால்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆகிவிட்டார்.

அவருடைய 1939 அணியைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்கு அலுக்காது. சீசனின் பத்து ஆட்டங்களிலும் எதிரணிகள் எடுத்த மொத்தப் புள்ளி பூஜ்யம்! (அப்புறம், சீசன் முடிந்து நடக்கும் ரோஸ் பவுல் என்ற பெரிய போட்டியில் 14-0 என்று தோற்றார்கள். அது இன்னும் வலிக்கிறது.) பந்தை முன்னே கொண்டுபோக ஒரு அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் சில மிச்சமிருக்கும்போதே பந்தை எதிரணிப் பக்கம் தூர உதைக்கச் சொல்வார். தன் எல்லைக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்ட எதிரணி பதற்றத்தில் பந்தை நழுவவிடும். அதற்காகத்தான் காத்திருப்பார். எவ்வளவு பொறுமை வேண்டும் இதற்கு!

இடையில் ராணுவம் பனாமாவுக்கு அனுப்பியது, போனார். இரண்டாம் உலகப்போரில் கல்கத்தாவில் இருந்துகொண்டு, பர்மா, சீனப் போர்முனைகளுக்குப் போகவேண்டிய சரக்குகளைக் கவனித்தார். பிரிகேடியர் ஜெனரலாக ஓய்வு பெற்று 1946-ல் அதே அணிக்குத் திரும்பினார். 1951-ல் தேசிய சாம்பியன் பட்டம்.

டென்னசி ஆற்றங்கரையில் இன்று ஒரு லட்சம் பேர் உட்காரும் அந்த அணியின் மைதானத்துக்கு அவர் பெயர்தான். அதை விரிவாக்கும் திட்டங்களைப் போட்டதிலும் இந்த எஞ்சினியரின் கை உண்டு.