பிடிஎஃப்பை வைத்து நிபுணர் அறிக்கை எழுதாதீர்கள்

அமெரிக்க ஆராய்ச்சி முறைகேட்டு விசாரணைக்கு நிபுணர் சாட்சியாகப் போகிறவர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே மூலக் கோப்புகளைக் கேட்டுவிடுங்கள். அதைக் கேட்காமல் விட்டதில் மூன்று வார உழைப்பு வீண். பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது ஆய்விதழின் பிடிஎஃப் மட்டும். அதில் ஒரு வெஸ்டர்ன் பிளாட்டின் (புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் சோதனைப் படம்) இரண்டு பட்டைகளுக்கு நடுவே வெட்டி ஒட்டியதுபோல் ஒரு நேர்கோடு தெரிந்தது. கருவி பதிவுசெய்த மூலப் படமான 16 பிட் டிஃப் (TIFF) கோப்பு பிறகு வந்தது. அதில் கோட்டையே காணோம்! அது பிடிஎஃப்பில் படத்தைச் சிறிதாக்கிய ஜேபெக் (JPEG) சுருக்கம் உண்டாக்கும் 8×8 பிக்சல் கட்டத்தின் ஓரம்தான்.

கோப்பு கைக்கு வந்ததும் ஹாஷ் எண்ணை (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் அடையாள எண்) குறித்துக்கொண்டு, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். இரண்டு படங்கள் ஒன்றேதானா என்று பார்க்க, ஒரு படத்தின் நிறத்தைத் தலைகீழாக்கி, பாதி ஒளிபுகும்படி மற்றதன் மேல் வைத்தால், அச்சாக ஒத்த பகுதி ஒரே சாம்பல் நிறமாகிவிடும். பட்டைகளின் வடிவம் தற்செயலாகவும் ஒத்துப்போகலாம். பின்னணியில் உள்ள தூசும் புள்ளிகளும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள், அதுதான் வலுவான சான்று.

அறிக்கையில் 'மோசடி' என்ற சொல்லே வேண்டாம். 'இரண்டும் ஒரே படத்திலிருந்து வந்தவை' என்பதோடு நில்லுங்கள். தெரிந்தே செய்தாரா, நேர்மையான பிழையா என்பது நிபுணர் சொல்லவேண்டியதல்ல. அந்த ஒரு சொல்லுக்காகவே குறுக்கு விசாரணையில் அரை மணி நேரம் போய்விடும்.

ஆய்வுத் தரவைப் பொய்யாக உருவாக்கியதாகக் குற்றம்சாட்டப்பட்ட நோயெதிர்ப்பியல் ஆய்வாளர் தெரேசா இமானிஷி-காரியின் வழக்கை அவசியம் படியுங்கள். அவருடைய லேப் நோட்டில் ஒட்டியிருந்த கதிரியக்க எண்ணியின் அச்சுத்தாள்களைச் சீக்ரெட் சர்வீஸ் நிபுணர்கள் மற்ற ஆய்வாளர்களின் தாள்களோடு ஒப்பிட்டு, தேதிகள் பொருந்தவில்லை என்றார்கள். நோட்டில் இருந்த எண்களின் இலக்கங்கள் இயல்பாக வந்தவையல்ல என்று புள்ளியியல் வாதமும் வந்தது. 1994-ல் சுமத்திய 19 குற்றச்சாட்டுகளில் ஒன்றுகூட 1996-ல் மேல்முறையீட்டுக் குழுவின் முன் நிற்கவில்லை. அந்தப் பத்து வருடப் பழியைச் சுமந்தது ஒரு மனுஷி.

குற்றம்சாட்டப்பட்டவர் தரப்பில் இருப்பவர்களுக்கு முக்கியமான எச்சரிக்கை: மேல்முறையீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று அறிக்கையைத் தள்ளிப்போடாதீர்கள். ஆராய்ச்சி முறைகேடு பற்றி அமெரிக்க சுகாதாரத் துறை 2024-ல் திருத்திய விதிகளின்படி, மேல்முறையீட்டைக் கேட்கும் நிர்வாக நீதிபதி ஏற்கெனவே பதிவில் ஏறிய ஆவணங்களைத்தான் பிரதானமாகப் பார்ப்பார். பல்கலைக்கழகம் வரைவு அறிக்கையைத் தந்ததும் கருத்துச் சொல்ல 30 நாள் கிடைக்கும். மூலக் கோப்பை வாங்கி, சோதித்து, எழுதி, வழக்கறிஞர் வாசித்து முடிப்பதெல்லாம் அதற்குள் நடக்கவேண்டும். ஆகவே வரைவு வரும்வரை காத்திராமல், விசாரணை தொடங்கிய வாரமே கோப்புகளைக் கேட்டுக் கடிதம் கொடுங்கள். கொடுத்த தேதிக்கு ஒப்புகையும் வாங்கி வையுங்கள்.