தலைகீழாகப் போன இரண்டாவது ரிங்

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் பழைய பேப்பரை விரித்து நூறு சிசி பைக்கின் சிலிண்டர் பிளாக்கைக் கழற்றி பிஸ்டன் ரிங் மாற்றுகிற எவருக்கும், மத்தியானச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்துவிடும் என்றுதான் கணக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டி ஸ்டார்ட் ஆகும். தெரு முழுக்க நீலப் புகை.

"என்ன தம்பி, ரிங் மாத்துன பிறகுதான் ரொம்பப் புகையுது?" என்பார் எதிர்வீட்டு மாமா, துண்டால் மூக்கைப் பொத்தியபடி.

"ரிங் செட் ஆகணும் மாமா. கொஞ்சம் ஓடுனா சரியாயிடும்."

பிஸ்டனைச் சுற்றி மேலிருந்து கீழாக டாப் ரிங், இரண்டாவது ரிங், ஆயில் ரிங் என மூன்று வளையம். இரண்டாவது ரிங் தலைகீழாகக் கிடந்தால் கன்னியாகுமரி வரை ஓட்டினாலும் சரியாகாது. அதன் முகம் லேசாகச் சரிந்திருக்கும்; கீழ் விளிம்புதான் போரில், அதாவது சிலிண்டரின் உள்சுவரில், உரசும். பிஸ்டன் இறங்கும்போது ஆயிலைக் கீழே வழித்துத் தள்ளுவது அதன் வேலை. கவிழ்த்துப் போட்டால் அதே விசுவாசத்தோடு ஆயிலை மேலே கொண்டுபோய் எரிய விடும். ரிங் வெட்டுப்பட்டுத் திறந்திருக்கும் இடம்தான் வாய்; அதன் பக்கம் எள்ளளவில் ஓர் எழுத்து இருக்கும். அது மேலே பார்க்க வேண்டும். அதைத் தேட அப்பாவின் மூக்குக்கண்ணாடியை இரவல் வாங்கினாலும் தப்பில்லை.

அது சரியாக இருந்தும் புகைந்தால் ஆயில் ரிங்தான். மூன்று துண்டு: நெளிநெளியாக ஒரு எக்ஸ்பேண்டர், மேலும் கீழும் மெல்லிய தகடு ஒவ்வொன்று. எக்ஸ்பேண்டரின் இரு முனையும் முட்டி நிற்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் தகடுகளை வெளியே தள்ளும் விறைப்பு போய்விடும். தகடுகளின் வாயை எக்ஸ்பேண்டர் வாயிலிருந்து ஆளுக்கொரு பக்கம் 20 மி.மீ. தள்ளி வைக்கலாம். மேல் ரிங் இரண்டின் வாயும் ஒரே கோட்டில் வரக்கூடாது.

வாய் இடைவெளி பார்ப்பதைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். "புது ரிங்தானே!" ரிங்கை மட்டும் போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை வாய்க்குள் விட ஐந்து நிமிடம். 25 மி.மீ. விட்டமுள்ள போருக்கு 0.1 மி.மீ. என்பது பட்டறைக் கணக்கு, 50 மி.மீ. போருக்குச் சுமார் 0.2. வண்டியின் மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி. இடைவெளி குறைந்தால் சூட்டில் ரிங் விரிந்து முனைகள் முட்டிக்கொள்ளும். போர் கீறும், ரிங்கும் உடையலாம். அதிகமானால் கம்ப்ரெஷன் கீழே கசியும்.

மாட்டும்போது ஆயில் ரிங் முதலில், டாப் ரிங் கடைசியில். பிஸ்டன் நுழையும் அளவுக்கு மட்டும் வாயை விரிக்க வேண்டும். தாராளமாக விரித்தால் 'டிக்' என்று ஒரு சத்தம். உடைந்த துண்டு வீணில்லை, பிஸ்டனில் ரிங் உட்காரும் காடியில் கரி சுரண்ட அதைவிட நல்ல கருவி கிடையாது.

எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸ் வாயில் துணி அடைத்த பிறகே, பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் சின்னக் கம்பி வளையமான சர்க்லிப்பைத் தொட வேண்டும். துணி இல்லாத நாளில் அது குறிபார்த்து உள்ளேதான் குதிக்கும்.

மாமா இன்னும் வாசலில்தான் நிற்கிறார். மறுபடி பிரிக்க வேண்டும். சிலிண்டருக்கும் அதன் மூடிக்கும் இடையில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டும் புதிது வேண்டும். ஸ்பேர் பார்ட்ஸ் கடை திங்கட்கிழமைதான் திறக்கும்.

"அப்போ காலைல ஆபீஸுக்கு?"

"பஸ்தான் மாமா."