ரெண்டே கால் மணி

மார்ச் 3
மறுபடியும் ராத்திரி 2.15க்கு சர்வர் உறைஞ்சு போச்சு. உயிரோட இருக்கியான்னு கேக்குற பிங்குக்கு மட்டும் கொஞ்ச நேரம் பதில் சொல்லுச்சு, தூரத்துல இருந்து நுழையுற எஸ்எஸ்ஹெச் உள்ளயே விடல. சர்வர் ரூம் பையனை எழுப்பினேன். "அண்ணே, கீபோர்டுல நம்லாக் லைட்டு கூட மாற மாட்டேங்குது"ன்னான். சரி, பவரை அமுக்குடா.

மார்ச் 4
லாக்ல ஒன்னும் இல்ல. 2.14 வரைக்கும் சமத்தா எழுதியிருக்கு, அடுத்த வரி பூட் ஆனதுதான். டிஸ்க்குக்கே போக முடியாதப்ப லாக் எங்க எழுதும். கன்சோலை நெட்வொர்க் வழியா என் லேப்டாப்புக்கு இழுத்து வச்சிருக்கேன், சாகும்போது சொல்றதாவது இதுல விழட்டும். மெம்டெஸ்ட் ஓட்டியாச்சு, ராம் மேல தப்பில்ல.

அம்மா ராத்திரியும் சாப்பிடல. கேட்டா ஒன்னுமில்லடாங்குறா.

மார்ச் 6
சிக்கிருச்சு! சாஃப்ட் லாக்கப் (ஒரு சிபியு ஒரே வேலையில மாட்டிக்கிட்டு மத்ததுக்கு வழி விடாதது), சிபியு 11, 22 செகண்டா மாட்டிக்கிட்டு நிக்குதாம். அதையே திரும்பத் திரும்ப கத்திட்டு இருந்துச்சு. 11-ஐ ஆஃப்லைன் பண்ணிட்டேன். நிம்மதி.

மார்ச் 7
இன்னிக்கு சிபியு 7 கத்துது.

மார்ச் 8
பேக்ட்ரேஸை, அதாவது மாட்டினப்ப சிபியு எந்த வேலைக்குள்ள இருந்துச்சுங்குற பட்டியலை, இப்பதான் ஒழுங்கா படிச்சேன், எனக்கே வெக்கமா இருக்கு. 11ம் சரி 7ம் சரி எந்தத் தப்பும் பண்ணல, மெமரி மேப்பிங் மாறிருச்சு உங்க டிஎல்பியை (மெமரி முகவரி குறிச்சு வச்சிருக்கிற இடம்) காலி பண்ணுங்கன்னு மத்த சிபியுக்கெல்லாம் சொல்லிட்டு பதிலுக்கு காத்துட்டு நிக்குதுங்க, ஒன்னு பதில் சொல்லலன்னா காத்துட்டே இருக்க வேண்டியதுதான், அதுதான் கத்துது. இன்டரப்டை, அதாவது வேலைக்கு நடுவுல வர்ற கூப்பாட்டை, மூடிட்டு உள்ள உக்காந்திருக்கிறவன் மூச்சே விடல. அவனைப் பிடிக்கத்தான் என்எம்ஐ வாட்ச்டாக்னு, இன்டரப்டை மூடினாலும் உள்ள நுழையுற காவல் இருக்கு, 10 செகண்டுல பிடிச்சிருக்கணும். பாத்தா 0ன்னு அணைச்சு வச்சிருக்கு. எந்தப் புண்ணியவானோ.

மார்ச் 9
புண்ணியவான் நான்தான். போன ஆகஸ்ட்ல, சிபியு வேலையை அளக்கிற பெர்ஃபார்மன்ஸ் கவுன்டர் ஒன்னு மிச்சமாகும்னு அணைச்சிருக்கேன்.

வாட்ச்டாக்குக்கு 1 போட்டு திரும்ப ஓட விட்டாச்சு. ஹார்ட் லாக்கப் (இன்டரப்டை மூடிட்டு மாட்டுறது) வந்தா சர்வர் பேனிக் ஆகி தானே விழணும், விழும்போது மெமரியை டம்ப்பா நகல் எடுக்கிற கேடம்ப்புக்கு மெமரியும் ஒதுக்கியாச்சு. இப்ப விழணுமேன்னு இருக்கு.

மார்ச் 10
விழல. மேனேஜர் "சரியாயிடுச்சா?"ங்குறார். இல்ல சார்.

மார்ச் 11
விழுந்துச்சு, டம்ப் முழுசா கிடைச்சுது. சிபியு 4, டிஸ்க்குகளைப் பாத்துக்கிற ரெய்டு கார்டு டிரைவர்ல முதல் பூட்டை (ஒரு நேரத்துல ஒரு சிபியுதான் எடுக்க முடியும்) எடுத்துட்டு ரெண்டாவதுக்கு நிக்குது, சிபியு 9 ரெண்டாவதை எடுத்துட்டு முதலுக்கு நிக்குது. ரெண்டும் விடாது. டெஸ்ட் மெஷின்ல ஒத்த கோர், அதாவது ஒரே சிபியு, அங்க இது எந்த ஜென்மத்துலயும் வந்திருக்காது. பேக்கப் 2 மணிக்கு, ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கோட அந்தந்த நேரத்து நகல்) அழிக்கிற க்ரான், அதாவது நேரம் குறிச்சு தானா ஓடற வேலை, 2.15க்கு, ரெண்டும் மோதுற நேரத்துலதான் எல்லாம்.

அம்மாவுக்கு சனிக்கிழமை ஸ்கேன், டோக்கன் வாங்கிட்டேன். எதுக்குடா காசை கரியாக்குறேங்குறா.

மார்ச் 12
டிரைவர்காரங்களுக்கு டம்ப் அனுப்பிட்டேன். அவங்க சரி பண்ற வரைக்கும் க்ரானை 5 மணிக்கு தள்ளி வச்சிருக்கேன். வைத்தியம் இல்ல இது, சும்மா ஒத்திப்போடறது.

மார்ச் 13
2.15 தாண்டிருச்சு, கன்சோல் அமைதியா இருக்கு. தண்ணி குடிக்க எழுந்தேன், அம்மா ரூம்ல லைட் எரியுது.