300 கி.மீ. தாங்கிய அவல் மிட்டாய்

சென்ற சனிக்கிழமை அதிகாலை 3.30 மணிக்குத் திருவான்மியூரில் சைக்கிளில் கிளம்பிக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி சென்று, இரவு 7.15 மணிக்குத் திரும்பி வந்து சேர்ந்தேன். ஏறத்தாழ 300 கி.மீ. பிரெவே எனப்படும், குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தின் விதிப்படி இந்தத் தூரத்துக்கு 20 மணி நேரம் உண்டு என்பதால், நேரத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் இதை எழுதுவதற்குக் காரணம் வேறு. திரும்பும் வழியில் மாமல்லபுரத்தில் சாலையோரம் நின்று, நாள் முழுவதும் முதுகுப் பையில் வெந்துகொண்டிருந்த கடைசி அவல் மிட்டாயை எடுத்துப் பிரித்தேன். காகிதம் ஒட்டாமல் உரிந்து வந்தது. நான்கு முனைகளும் வெட்டியபடியே இருந்தன. கடித்தால் பல்லுக்கு இணங்கிக் கொடுத்தது. மூன்று முறை தோற்றபின் கிடைத்த துண்டு அது.

நெடுந்தூர ஓட்டத்தில் உணவைப் பற்றி நான் அக்கறை கொள்ளத் தொடங்கியது, சென்ற ஆண்டு ஒரு 200 கி.மீ. ஓட்டத்தில் கடப்பாக்கம் தாண்டியதும் 'பாங்க்' ஆகி, அதாவது உடலின் வலு தீர்ந்து துவண்டு, ஒரு புளியமரத்தடியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்த நாளில்தான். அன்று காலை வயிறு நிறைய பூரி சாப்பிட்டிருந்தேன், பசியே தெரியவில்லை, ஆனால் கால்களில் ஒரு சொட்டு வலு இல்லை. தசையிலும் கல்லீரலிலும் உடல் சேர்த்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரை இருப்பு மொத்தமே 400 முதல் 500 கிராம் வரைதான் என்பதால், அது தீர்வதற்கு முன்பே, அதாவது பசி எடுப்பதற்கு வெகுநேரம் முன்பே, மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும் என்பது ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததைச் செய்ய முடியாமல் போவது எதை, எந்த வடிவில், ஓட்டிக்கொண்டே எப்படி உண்பது என்ற இடத்தில்தான். பிரெவேயில் உதவி வண்டி கட்டுப்பாட்டு நிலையங்களைத் தவிர வேறெங்கும் நெருங்கக் கூடாது. ஆகவே பையில் இருப்பதுதான் உணவு.

முதலில் கோவில்பட்டிக் கடலைமிட்டாயை நம்பினேன். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். எங்கள் பெரியம்மா ஊர்ப் பண்டம் என்பதால் எனக்குத் தனிப் பாசமும் உண்டு. ஆனால் வேர்க்கடலையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. அது செரித்து வலுவாக மாறுவதற்குள் எனக்கு இன்னும் 40 கி.மீ. கடந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், மூச்சு வாங்கும்போது கடித்தால் உடைந்த துணுக்கு தொண்டையில் போய் நிற்பது. ஆகவே கடலையை எடுத்துவிட்டு அவலும் பொட்டுக்கடலையும் சேர்த்து, துணுக்காக உடையாத பதத்தில் நானே செய்வது என்று முடிவெடுத்தேன். அளவில் எனக்குக் குழப்பம் இருந்ததே இல்லை: கெட்டி அவல் 300 கிராம், பொட்டுக்கடலை 75 கிராம், வெல்லம் 300 கிராம், உப்பு 5 கிராம், சுக்குப்பொடி ஒரு தேக்கரண்டி, நெய் ஒரு மேசைக்கரண்டி. இதில் 24 துண்டு வரும். துண்டுக்கு 22 கிராம் அளவுக்கு மாவுச்சத்து. மணிக்கு இரண்டு துண்டும், குப்பியில் இருக்கும் பானகமும் சேர்ந்தால் 60 கிராமை ஒட்டி வந்துவிடும்.

சிக்கல் முழுவதும் பாகில் இருந்தது.

முதல் முறை வெல்லப் பாகை 115 பாகை (டிகிரி செல்சியஸ்) சூட்டில் இறக்கினேன். வீட்டில் அருமையாக இருந்தது. மரக்காணம் உப்பளங்களின் ஓரமாகப் போய்க்கொண்டிருக்கும்போது பையில் கைவிட்டேன். மிட்டாயும் காகிதமும் ஒன்றாகக் கரைந்து, பிரிக்கவே முடியாத ஒரே களியாக இருந்தது. இரண்டாம் முறை பயந்துபோய் 130க்கு மேல் கொண்டுபோனேன். வெட்டும்போதே சில்லுச்சில்லாகத் தெறித்தது. மூன்றாம் முறை 121இல் சரியாக இறக்கியும் மறுநாள் காலையில் மேற்பரப்பு முழுவதும் ஈரம் கசிந்து பிசுபிசுத்தது. அந்த முறை பாகு பூத்துப்போகாமல் இருக்கட்டும் என்று எலுமிச்சைச் சாறு விட்டிருந்தேன். புளிப்பு சர்க்கரையைக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைக்கும். ஃப்ரக்டோஸ் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கடற்கரைக் காற்றில் இதைவிடக் கெடுதலான யோசனை இல்லை. வெல்லமும் பழையது; பழைய வெல்லத்தில் அந்த உடைப்பு ஏற்கெனவே நடந்திருக்கும்.

வெப்பமானி வாங்கிவிட்டதால் எண்ணைப் பார்த்தால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது தவறு என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். வெல்லம் வெள்ளைச் சர்க்கரை அல்ல. உப்புகளும் உடைந்த சர்க்கரையும் ஒவ்வொரு மூட்டையிலும் வெவ்வேறு அளவில் இருப்பதால், அதே 121 பாகையில் ஒரு வெல்லம் உருண்டு வரும், இன்னொன்று கையில் இழையும். பெரியம்மாவிடம் தொலைபேசியில் புலம்பியபோது அவர் சொன்னார்: "தண்ணியில விட்டு எடுத்துத் தட்டுல போட்டுப் பாரு ராசா. டங்குன்னு கேட்டா அது கடலைமிட்டாய்க்கு. உனக்கு அது வேண்டாம், விரலுக்குக் கொஞ்சம் அமுங்கணும்."

நான்காம் முறை இரண்டையும் சேர்த்துக் கொண்டேன். அடுப்புக்குப் பக்கத்தில் குளிர்ந்த தண்ணீர்க் கிண்ணமும் ஓர் எவர்சில்வர் தட்டும் வைத்தேன். பாகு 105இலிருந்து 112 வரை ஏற நெடுநேரம் எடுத்துக்கொள்ளும். அதுவரை நின்று பார்க்க வேண்டியதில்லை. 115 தாண்டியதும் தண்ணீர் பெரும்பாலும் வற்றிவிட்டதால் எண் விரைந்து ஏறும்; அங்கே கண்ணை எடுக்கக் கூடாது. வெப்பமானியின் முனை வாணலியின் அடியைத் தொட்டால் கூடுதலாகக் காட்டும் என்பதையும் கவனிக்க வேண்டும். 117இல் ஒரு சொட்டு விட்டேன்: தண்ணீரில் சேர்ந்தது, ஆனால் விரலில் தட்டையானது. 119இல் விட்ட சொட்டு உருண்டு திரண்டு, எடுத்துத் தட்டில் போட்டதும் 'தொப்'பென்று மங்கலான ஓசை கொடுத்தது. அழுத்தினால் அமுங்கி, விட்டால் வடிவம் நின்றது. உடனே அடுப்பை அணைத்தேன். கனமான வாணலி தன் சூட்டிலேயே இன்னும் இரண்டு பாகை ஏற்றிவிடும் என்பதால், 121 வரட்டும் என்று காத்திருந்தால் கைமீறிப் போயிருக்கும்.

அவல் சூடாக இருக்க வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மூன்று முறை இழந்துதான் கற்றேன். ஆறிய அவலில் பாகை ஊற்றினால், கலப்பதற்குள் பாகு ஆங்காங்கே இறுகிவிடுகிறது. மொறுமொறுப்பாகும் வரை வறுத்து, பாதியை ஒன்றிரண்டாகப் பொடித்து, மீதியை முழுதாக வைத்து, அதே சூட்டில் பாகைக் கலந்தேன். நெய் தடவிய தட்டில் கொட்டி, நெய் தடவிய சப்பாத்திக் குழவியால் ஒரு விரற்கடை கனத்துக்கு அழுத்தி, ஐந்து நிமிடத்துக்குள் கத்தியால் கோடு போட்டுவிட்டேன். ஆறியபின் ஒவ்வொரு துண்டின் மேலும் பொட்டுக்கடலை மாவைத் தூவித் தனித்தனியாக பட்டர் பேப்பரில் சுற்றினேன். அந்த மாவு கசிகிற சிறு ஈரத்தை வாங்கிக்கொள்கிறது. காகிதத்தின் ஒரு முனையை மடிக்காமல் விட்டால், ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே பல்லால் இழுத்துப் பிரிக்கலாம்.

வெல்லத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாரிமுனையில் கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்குப் போய், 'பாகு வெல்லம்' என்றே கேட்டு வாங்குங்கள். கண்ணைப் பறிக்கும் மஞ்சளில் இருப்பதைத் தொடாதீர்கள். நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற வேதிப்பொருள் போட்டு வெளுத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். இதற்குமுன் வேறொரு கடையில் வாங்கிய வெல்லத்தில் அரைப்பிடி மணல் இருந்தது. அதனால் இப்போது எதுவாக இருந்தாலும் கரைத்து, துணியில் வடிகட்டிய பிறகுதான் அடுப்பில் ஏற்றுகிறேன்.

சனிக்கிழமை உண்ட முறையையும் குறித்து வைக்கிறேன். கிளம்பி 40 நிமிடத்தில் முதல் துண்டு. பிறகு அரை மணிக்கு ஒன்று. போகும்போது கல்பாக்கம் தாண்டி நான்கு இட்லி, சட்னி இல்லாமல். எண்ணெய்ப் பண்டம் எதுவும் கிடையாது. வெயிலில் இரத்தம் தசைக்கும் தோலுக்கும் ஓடும்போது வயிற்றுக்கு மிஞ்சுவது குறைவு, அதற்குப் பூரியும் வடையும் தாங்காது. புதுச்சேரியில் தயிர்சாதமும் ஊறுகாயும். திரும்பும் வழியில் இரண்டு இளநீர் குடித்தேன். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, ஆனால் வியர்வையில் நாம் பெரிதும் இழப்பது சோடியம். ஆகவே அதை மட்டும் நம்பாமல் ஒரு டம்ளர் உப்புப் போட்ட நீர்மோரும் சேர்த்துக்கொண்டேன். சட்டையில் உப்பு பூக்கிற உடம்பு எனக்கு; வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்து, தலைவலியும் குமட்டலுமாகத் திரும்பிய நாள்கள் உண்டு. இந்த முறை அது இல்லை.

குப்பிகள் இரண்டு: ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றொன்றில் பானகம். மிட்டாயைத் தின்றதும் வெறும் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும். இனிப்பின் மேல் இனிப்பு போனால் வயிற்றில் கரைசல் அடர்த்தியாகி, குடலுக்கு இறங்காமல் தங்கிக் குலுங்கும். பானகம் 750 மி.லி. குப்பிக்கு வெல்லம் 30 கிராம், அரை எலுமிச்சை, உப்பு ஒரு கிராம், சிட்டிகை சுக்கு. உப்பு ஒரு கிராம் என்றால் சோடியம் 400 மி.கி. அளவு.

பானகம்தான் இன்னும் படியவில்லை. சுக்குப்பொடி அடியில் தங்கி, குப்பியின் வாயை அடைத்துக்கொள்கிறது. மரக்காணத்திலும், திரும்பும்போது வாயலூர்ப் பாலத்துக்கு முன்னாலும் நின்று, மூடியைக் கழற்றி ஊதிச் சரிசெய்தேன். பொடிக்குப் பதிலாகச் சுக்கைத் தட்டிக் கொதிக்கவிட்டு வடித்த சாற்றைச் சேர்க்கலாமா என்று பார்க்கிறேன். இன்னொன்று, நண்பகலுக்கு மேல் குப்பியிலேயே சூடேறிப் புளித்த வாடை வருகிறது. ஆகவே முழு அளவையும் காலையிலேயே கரைத்து வைக்காமல், வெல்லப்பொடியும் உப்பும் கலந்த சிறு பொட்டலங்களைக் கொண்டுபோய், நிற்கும் இடத்தில் தண்ணீரும் எலுமிச்சையும் சேர்க்க வேண்டும்.

அதற்குள் பெரியம்மா உடன்குடியிலிருந்து இரண்டு கிலோ கருப்பட்டி வரவழைத்து அனுப்பியிருக்கிறார். 400 கி.மீ. ஓட்டத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை கருப்பட்டிப் பாகில் எட்டே துண்டு போட்டு, நான்கை மொட்டைமாடி வெயிலிலும் நான்கை வீட்டுக்குள்ளும் ஒரு பகல் வைத்துப் பார்க்கப் போகிறேன். தண்ணீர்ச் சொட்டு எந்தப் பாகையில் 'தொப்'பென்கிறது என்பதைக் குறிக்க அடுப்பங்கரைச் சுவரில் ஒரு தாளை இப்போதே ஒட்டியாயிற்று.