டோனபெசிலைத் திரும்ப வைத்துப் பார்த்தீர்களா?

இறுதியாண்டு ஆய்வுக்குக் கணினிவழி மருந்து வடிவமைப்பை எடுக்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டில் பாட்டிக்கு முதுமை மறதி. இரவுதோறும் அவருக்கு டோனபெசில் மாத்திரை எடுத்துக் கொடுத்தது நான்தான். அந்த மாத்திரை மூளையில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ் நொதியைத் தேர்ந்தெடுத்தேன். நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதி அது. அதை அடக்கினால் இருக்கிற அசிட்டைல்கோலின் இன்னும் கொஞ்ச நேரம் தங்கும். நோய் குணமாகாது, அறிகுறிகள் சற்று மட்டுப்படும்.

எடுத்த எடுப்பிலேயே 600 மூலக்கூறுகளை டாக்கிங்குக்குப் போட்டேன், அதாவது ஒவ்வொன்றும் நொதியில் எப்படிப் பொருந்தும் என்று கணினியைக் கணிக்கச் சொன்னேன். மூன்று வாரம் ஓடியது. மதிப்பெண்கள் பிரமாதம். வழிகாட்டி ஒன்றுதான் கேட்டார்: “டோனபெசிலை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துப் பார்த்தாயா?” பார்க்கவில்லை.

நீங்கள் அதிலிருந்தே தொடங்குங்கள். நொதி டோனபெசிலோடு சேர்ந்திருக்கும் படிகக் கட்டமைப்பு, 1இவிஇ (1EVE) என்ற குறியீட்டில், புரதத் தரவு வங்கியில் இலவசமாகக் கிடைக்கும். மருந்தை வெளியே எடுத்துவிட்டு, மென்பொருளையே மறுபடி வைக்கச் சொல்லுங்கள். படிகத்தில் இருந்த இடத்திலிருந்து விலகல் 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) இருந்தால் மேலே போகலாம். எனக்கு மருந்து தலைகீழாக உட்கார்ந்தது. ஏன் என்று தேடியதில்தான் அந்த நொதியே எனக்குப் புரிந்தது. வினை நடக்கும் இடம் சுமார் 20 ஆங்ஸ்ட்ராம் ஆழமான ஒடுங்கிய பள்ளத்தின் அடியில் இருக்கிறது. டோனபெசில் அதில் நெடுக நின்று, வாயருகே டிரிப்டோபன் 279ஐயும் (நொதிச் சங்கிலியின் 279ஆவது அமினோ அமிலம்) அடியில் டிரிப்டோபன் 84ஐயும் ஒட்டிக்கொள்கிறது. இடையிடையே நீர் மூலக்கூறுகள் பாலம் போடுகின்றன. நானோ பயிற்சிக் குறிப்பில் இருந்தபடி நீரை மொத்தமாக அழித்திருந்தேன். டோனபெசிலின் பிப்பெரிடின் வளையத்தில் உள்ள நைட்ரஜனுக்குப் புரோட்டானும் சேர்க்கவில்லை, பிஎச் 7.4இல் அது பெரும்பாலும் நேர்மின்னேற்றத்தோடுதான் இருக்கும். இரண்டையும் திருத்தியதும் மருந்து தன் இடத்தில் அமர்ந்தது.

அப்புறம் இரத்த-மூளைத் தடுப்பு, இரத்தத்தில் உள்ளவற்றை எளிதில் மூளைக்குள் விடாத அரண். என் பட்டியலில் முதலிடம் பிடித்தது ருட்டின் என்ற தாவரச் சேர்மம். மூலக்கூறு எடை 610, உடம்பெல்லாம் நீரை நாடும் ஹைட்ராக்சில். பள்ளத்தில் எவ்வளவு நன்றாகப் பொருந்தினாலும் மூளைக்குள் போகாவிட்டால் என்ன பயன்? மூளை மருந்துகளின் முனைவுப் பரப்பு (ஆக்சிஜன், நைட்ரஜன் போன்ற முனைவுள்ள அணுக்கள் பிடிக்கும் பரப்பு) பெரும்பாலும் 90 சதுர ஆங்ஸ்ட்ராமுக்குள் இருக்கும். டாக்கிங்குக்கு முன்பே இதை வைத்துச் சலித்துவிடுங்கள், வாரக்கணக்கில் நேரம் மிச்சம்.

வாய்மொழித் தேர்வில், “இது மனித நொதியா?” என்று கேட்டார்கள். 1இவிஇ மின்திருக்கை மீனின் நொதி. டோனபெசிலோடு உள்ள மனித நொதியின் கட்டமைப்பு 4இஒய்7 (4EY7), 2012இல் வந்தது. அதே டிரிப்டோபன்களுக்கு அதில் எண் 286, 86. முதல் பத்து மூலக்கூறுகளையாவது அதிலும் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தேர்வறைக்குள் போங்கள்.